நான்கு அங்குலம்

கெல்திபெக் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு
முதலில் கேட்டது ஸ்பேனர் அல்ல, டீ.
எண்பத்தாறில் முறுக்கிய நட்டு
ஒரு கோப்பை நேரத்தில் கழலாது என்று
அவனுக்குத் தெரியும்.

உவாஸ் வண்டி. என்னோடு இருபது வருஷம்.
அத்-பாஷி ஆற்றைத் தாண்டி
கோடை மேய்ச்சல் கூடாரங்களில் பால் எடுக்கிறேன்.
போன ஜூனில், நட்டாற்றில்,
ஒரு கல் அதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.
ஏழு கேன். மூடிகளைத் தண்ணீரே திறந்தது.
கொஞ்ச தூரம்
ஆறு வெள்ளையாய்ப் போனது.
பால்பண்ணைக் கணக்கில் 'வரவில்லை' என்று எழுதினார்கள்.
வேறென்ன எழுதுவார்கள்.

நான்கு அங்குலம் தூக்கிக் கொடு என்றேன்.
ஆறே தூக்கலாம் என்றான்.
நான்கு என்றேன்.

யூ போல்ட்டில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.
சுத்தியலால் கேட்டோம். பதில் இல்லை.
எது துரு, எது இரும்பு என்று
அவற்றுக்கே மறந்துபோயிருந்தது.
கடைசியில் கிரைண்டர்.
பொறி பறந்ததில் பக்கத்து வீட்டுக் கோழிகள்
வேலி தாண்டின.

கழற்றிப் போட்ட கமான் பட்டைகளில்
வளைவே இல்லை.
பள்ளிக்கூடத்து அளவுகோல் மாதிரி
மண்ணில் நேராய்க் கிடந்தன.
இத்தனை நாளும் வில் என்று நம்பி
பலகை மேல் ஓட்டியிருக்கிறேன்.
என் முதுகுக்குத் தெரியும். சொல்லியும் பார்த்தது.

புதியவை பிஷ்கெக்கிலிருந்து
பேருந்தின் அடிப்பெட்டியில் வந்தவை.
சண்டைக்கு நிற்பவனின் புருவம் போல வளைவு.
துளைக்குத் துளை ஒரு விரல் விலகி நின்றது.
ஜாக்கி, கடப்பாரை, கெல்திபெக்கின் தோள்,
அவன் வாயில் வந்த வார்த்தைகள்,
எல்லாம் சேர்ந்து தள்ளியதும் உள்ளே போனது.
பிரேக் ஹோஸ் மட்டும்
கோமுஸின் தந்தி போல விறைத்து நின்றது.
நீளமானது வாங்க மறந்தேனே என்று
தலையில் கை வைத்தான்.
என் கோட்டுப் பையில் இருந்தது.
மூன்று வாரமாக இருக்கிறது.

ஜாக்கியை இறக்கினோம். நின்றது.
ரொம்ப உயரமாக நின்றது.
ரிவர்ஸ் போட்டேன்.
டங்.

கூரைக் கேரியர், தகரக் கொட்டகையின் மேல்சட்டம்.
இரண்டு விரற்கடை.
வண்டியின் கீழே அளந்தோம், சக்கரத்தை அளந்தோம்,
வாசலை அளக்க யாருக்கும் தோன்றவில்லை.
நான்கு டயரிலும் காற்றை இறக்கினோம்.
இன்னும் ஒரு விரற்கடை.
கேரியரைக் கழற்றலாமா? போல்ட் இல்லை,
நானேதான் வெல்டிங் வைத்துக் கொடுக்கச் சொன்னேன்.
சட்டத்தை அறுத்துவிடவா என்றான் கெல்திபெக்.
கூரையே அதன் மேல்தான் என்றேன்.

பிறகு ஆள் கூப்பிட்டோம்.
ரொட்டி மாவுக் கையோடு உரும்கான் வந்தாள்.
கணக்கு வாத்தியார் சபார்,
அவருடைய இரண்டு மாப்பிள்ளைகள்,
லீவில் வந்திருந்த எல்லைக்காவல் பையன்,
கேட்காமலே ஏறிய மூன்று பிள்ளைகள்,
கடைசியாக ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.
கமான்கள் முதன்முதலாக முனகின.
தூக்கியதை எல்லாம் இறக்க
தெரு முழுக்க வேண்டியிருந்தது.

தீக்குச்சி இடைவெளியில் வெளியே வந்தோம்.
உரும்கான் இறங்க மாட்டேன் என்றாள்.
ஆறுவரை போ, அவளுக்குப் பார்க்கணும்.
யாரும் இறங்கவில்லை.
காற்றடிக்கவே நேரமாகி இருட்டிவிட்டது.
விளக்கு போட்டால் சாலையைக் காணோம்.
பாப்லர் மரங்களின் உச்சி பளீரென்று நின்றது,
அங்கே ஒரு காக்கை, கோபமாக.
ஸ்க்ரூடிரைவரைத் தேடி அரைமணி நேரம்.

மறுநாள் காலை தனியாகப் போனேன்.
அந்தக் கல்லின் மேலேயே விட்டேன்,
வேண்டுமென்றுதான்.
எங்கோ கீழே தண்ணீர் ஓடும் சத்தம்,
வேறு யாருக்கோ நடப்பது போல.

முதல் கூடாரத்தில் நாய் குரைத்தது.
கதவைத் திறந்து, வழக்கம்போல,
பார்க்காமல் காலை வைத்தேன்.
இருபது வருஷமாய் இருந்த இடத்தில்
தரை இல்லை.